கரி கழுவிய முகங்கள்

வெட்டுக்கு முன் காய்ந்த சோகை இலைகளை எரிக்க இரவு வைத்த தீ அடங்கி, கரும்புக் காட்டிலிருந்து புகை மட்டும் எழுந்துகொண்டிருந்தது. விடியும் முன்பே வெட்டுக்காரர்கள் உள்ளே இறங்கிவிட்டார்கள். சோகை எரிந்துபோன கரும்பை இடது கையால் வளைத்துப் பிடித்து, கத்தியைத் தரையோடு ஒட்டி வீச வேண்டும். நுனியைச் சீவி எறிந்துவிட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் மூக்கு, காது, பல்லிடுக்கு எல்லாம் கரி ஏறிவிடும். பெற்றவளே எதிரில் வந்தாலும் பிள்ளையை அடையாளம் தெரியாது.

ஷிரே ஆற்றங்கரைத் தோட்டத்தில் இந்தக் கரிதான் வெட்டுக்காரன் லாக்சனைக் கெடுத்தது. கரியின்மேல் பழி போடுவானேன், அவன் தானாகத்தான் கெட்டான்.

அறுவடை தொடங்கியபோது வெளிநாட்டுச் சுகாதார அமைப்பு ஒன்று வந்து கூடாரம் போட்டது. ரத்தக் கொதிப்பு, நீரிழிவு, மாரடைப்பு என்று தொற்றிக்கொள்ளாத நோய்கள்தான் இப்போது ஏழை நாடுகளில் ஆளை வாரிக்கொண்டு போகின்றன, உலகமே சேர்ந்து தடுக்கப் பார்க்கிறது என்று நர்ஸ் மலிதா ஒலிபெருக்கியில் சொன்னாள். பிளான்டயர் நகரத்திலிருந்து அந்த அமைப்போடு வந்திருந்த பெண்.

"உப்பக் குறைச்சுக்குங்க. தினமும் கொஞ்ச நேரமாவது உடம்ப அசைச்சு வேலை செய்ங்க."

கூட்டம் குலுங்கிச் சிரித்தது.

"ஏம்மா, கரும்பு வெட்டுறப்ப அசையறது எங்க உடம்பா, பேயா?" என்றான் வைசன். அவன் லாக்சனுடைய மனைவி எனிஃபாவின் அண்ணன். வாய்க்கொழுப்புக்குப் பேர்போனவன்.

மலிதாவும் சிரித்துவிட்டாள். பிறகு ஒவ்வொருவராகக் கையைக் காட்டச் சொன்னாள். ரத்த அழுத்தம் சரியாக இருந்தால் மணிக்கட்டில் பச்சைப் பட்டை. கூடியிருந்தால் சிவப்புப் பட்டை. அதைக் காட்டினால் மாத்திரை இலவசம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூடாரத்துக்கு வெளியே மேஸ்திரி நின்று, வருகிறவர்கள் மணிக்கட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்துப் பிரிவில் சிவப்பு கட்டியவர்கள் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கி வேலையை விட்டு நிறுத்தியதும், கத்தியோடு தோட்டத்து வீடும் போய்விட்டதும் எல்லாருக்கும் தெரியும்.

வைசன் லாக்சனைத் தனியே இழுத்துப் போனான்.

"மாப்ளே, கொஞ்ச நாளா பிடரி விண்ணுவிண்ணுங்குது. எம் பேரச் சொல்லி நீ போயி உக்காரு."

"போ மச்சான். மூஞ்சியப் பாக்க மாட்டாங்களா?"

"எந்த மூஞ்சிய? நம்ம ரெண்டு பேருக்கும் இப்ப பல்லு மட்டுந்தானேடா இருக்கு!"

லாக்சன் சிரித்தான். மச்சானின் தொப்பியை மாட்டிக்கொண்டு, மச்சானின் பேரைச் சொல்லி, கையை நீட்டினான். பச்சை கிடைத்தது. அதை நைசாகக் கழற்றி வைசன் கையில் மாட்டிவிட்டான். அன்று மாலை வைசன் வீட்டில் களியும் கருவாடும் விருந்து. விஷயம் கசிந்து இன்னும் சிலர் தேடி வந்தார்கள். அவர்களுக்காகவும் உட்கார்ந்தான். "வாடகைக் கை" என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேரைக் கேட்டு அவனுக்குப் பெருமையாகவே இருந்தது.

இன்று, எரிந்த காட்டில் வெட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வரிசையில் வைசனின் கத்திச் சத்தம் திடீரென்று நின்றது. லாக்சன் திரும்பிப் பார்த்தான். வைசன் கரும்புக் கட்டைகள்மேல் விழுந்து கிடந்தான். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கத்தியைப் பிடித்த கை அசையவில்லை. அந்தக் கையில்தான் பச்சைப் பட்டை இருந்தது.

டிராக்டரில் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு ஆட்கள் அலுவலக வாசலில் கூடினார்கள். எனிஃபா தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். மேனேஜர் கம்வெண்டோ படியில் நின்றபடி பேசினார்.

"பச்சைப் பட்டை கட்டின ஆளு. ஆரோக்கியமானவன்னு வெளிநாட்டு டாக்டருங்களே சொல்லியாச்சு. ராத்திரி குடிச்சிருப்பான், விழுந்துட்டான். தோட்டம் பொறுப்பில்ல. மாசக் கடைசிக்குள்ள வீட்டக் காலி பண்ணச் சொல்லுங்க."

"எங்கண்ணன் குடிக்கிறதில்லீங்க ஐயா!" என்று எனிஃபா கத்தினாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மலிதா முன்னால் வந்தாள்.

"நாந்தான் அளந்தேன். சரியாத்தான் இருந்துச்சு. நாந்தான் எங்கியோ தப்பு பண்ணிட்டேன் போல."

லாக்சனுக்கு உடம்பு கூசியது. செய்யாத தப்பை ஒருத்தி தலையில் ஏற்றிக்கொள்கிறாள். செய்தவன் கரி முகத்துக்குள் ஒளிந்துகொண்டு நிற்கிறான். கருவாட்டு ருசி நாக்குக்குத் திரும்பி வந்தது. அலுவலகக் குழாயடிக்குப் போனான். முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். ஈரம் சொட்டச் சொட்ட வந்து படிக்கு முன்னால் நின்றான்.

"நர்சம்மா, நீங்க அளந்தது அவன் கைய இல்ல. என் கைய."

எனிஃபா அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"வாய்க்கு வாய் மச்சான்னு கூப்புடுவியே," என்றாள். அதற்கு அவள் அறைந்திருந்தால்கூடத் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது.

"மோசடி! பதிவேட்டுல இவன் பேர இப்பவே அடிங்க," என்றார் கம்வெண்டோ.

"அடிங்க ஐயா. நான் பண்ணினது ஈனத்தனந்தான். ஆனா ஏன் பண்ணினோம்னும் கேளுங்க. செவப்பு கட்டினா கத்தி போச்சு, வீடு போச்சு. அப்புறம் மாத்திரைய எதோட முழுங்குறது? காத்தோடவா?"

மலிதா மேனேஜரைப் பார்த்தாள். "பட்டை வைத்தியத்துக்குன்னுதான சொன்னோம்? ஆளக் கழிச்சுக் கட்டுறதுக்கா?"

"கூடாரம் போட எடம் கொடுத்தது நானு. எங்க ஆளுல யாரு தேறுவான், யாரு தேறமாட்டான்னு எனக்குத் தெரிய வேணாமா?"

அவள் தலை குனிந்தாள். "வெளியில மேஸ்திரி நின்னத நான் பாத்தேன். எதுக்கு நிக்கிறான்னு கேக்கல," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

அப்போது பின்னாலிருந்து பாண்ட் என்ற வயசாளி வெட்டுக்காரர் முன்னே வந்தார். கையிலிருந்த பச்சைப் பட்டையைப் பிய்த்துப் படியில் போட்டார். "இதுவும் லாக்சன் கைதான். தெரிஞ்சேதான் மாட்டிக்கிட்டேன். வெக்கமா இருக்கு." இன்னொருவன் தன்னுடையதைப் பிய்த்தான். பிறகு இன்னொருவன்.

அன்றிரவும் தீ வைத்தார்கள், கரும்பு எரிந்தது. காலையில் வெட்ட ஒருவரும் இறங்கவில்லை. குளிர்ந்த வாய்க்காலில் முகத்தையும் கையையும் கழுவிக்கொண்டு கூடாரத்து வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். முதல் நாளே பேசி வைத்துக்கொண்டது மூன்று விஷயம். அளந்த கணக்கு நர்சுக்கும் கையை நீட்டினவனுக்கும் மட்டும் தெரிய வேண்டும். அழுத்தம் கூடியவனுக்கு அதே கூலியில் இலகுவான வேலை. வைசன் வீட்டில் எவனும் கை வைக்கக் கூடாது. யாராவது ஒருவன் பேரைப் பதிவேட்டில் அடித்தாலும் ஒருவரும் கத்தி எடுப்பதில்லை.

மலிதா பட்டைகளை வெளியே எடுக்கவில்லை. அமைப்பு என்ன சொல்லும், கூடாரத்தை மேனேஜர் பிரிக்கச் சொல்வாரா, ஒன்றும் அவளுக்குத் தெரியாது. மேஸ்திரி வழக்கமான இடத்தில் வந்து நின்றான். இந்த முறை மணிக்கட்டுகளில் பார்க்க அவனுக்கு ஒன்றும் இல்லை.

எனிஃபா வாளியில் தண்ணீரோடு வந்து, கடைசியில் நின்றவர்களுக்கு மொண்டு ஊற்றினாள். லாக்சனுக்கும் ஊற்றினாள்.

"எப்படி இருக்காரு?" என்று தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"கண்ணு தொறந்துட்டாரு. வாயிதான் வரல." இன்னொரு குவளை ஊற்றினாள். "காதுல கரி இருக்கு. நல்லாத் தேயி."

தூரத்தில் மேனேஜரின் ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. ஹாரன் விடாமல் அலறியது. வரிசை அசையவில்லை.

லாக்சன் உட்கார்ந்து கையை நீட்டினான். மலிதா நிமிர்ந்து அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"பேரு?"

"லாக்சன்," என்றான், ஜீப்பிலிருந்து இறங்குகிறவருக்கும் கேட்கும்படி.