வால்வு திறந்திருந்த நாற்பது நிமிடம்

காகித ஆலையின் கழிவுநீர்ப் பிரிவில் அவன் பதினோரு வருடமாக வேலை பார்த்தான். எந்நேரமும் மாதிரி எடுக்கும் குப்பியும் கையுமாகத் திரிந்ததில் குப்பி என்றே அவனுக்குப் பெயர் விழுந்துவிட்டது. அவனுடைய அக்கா புருஷனின் பட்டப்பெயர் கொக்கு. வைத்தது அக்காவேதான். தொடையளவு தண்ணீரில் மணிக்கணக்காக ஆடாமல் அசையாமல் நிற்கிற மனுஷனை வேறு எப்படிக் கூப்பிடுவாள்? அதிலும் பிடிபட்ட ட்ரவுட் மீனை ஈரக்கையில் ஏந்தி, தூண்டில் முள்ளைக் கழற்றி, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வருவார்.

"விடறதுக்குத்தான் புடிக்கிறீங்கன்னா, புடிக்காமலே வீட்ல இருக்கலாமே!" என்பாள் அக்கா.

லாரி ஓட்டிக்கொண்டிருந்த கொக்கு அந்த வருடம் கோடைக்கு முன்பே வேலையை விட்டார். வெளியூர்க்காரர்களை ஆற்றுக்கு அழைத்துப்போய் ட்ரவுட் பிடிக்க வழிகாட்டுவதுதான் இனித் தொழில் என்று முடிவு. அவர் நம்பியது கேடிஸ் என்கிற பழுப்புநிறப் பூச்சியை. அது வருடம் முழுக்கப் புழுவாக ஆற்றடியில் கிடக்கும். மணலை ஒட்டவைத்து நகத்தளவு குழல் ஒன்று செய்து, கல்லுக்கடியில் அதற்குள்ளேயே குடியிருக்கும். கோடை பிறந்ததும் பத்துப் பன்னிரண்டு நாள், வெயில் தாழ்ந்த நேரத்தில், சிறகு முளைத்து ஆயிரக்கணக்கில் மேலே வரும். அப்போது ட்ரவுட்டுக்குப் பித்துப் பிடித்துவிடும். மான்முடியைச் சிறகாக வைத்து முள்ளில் கட்டிய பொய்ப்பூச்சி ஒன்றைத் தண்ணீர்மேல் நனையாமல் மிதக்கவிட்டால் போதும், பாய்ந்து வந்து கவ்வும். அந்தப் பத்து நாளைக் கணக்குப் பண்ணித்தான் கொக்கு விருந்தாளிகளுக்குத் தேதி கொடுத்திருந்தார்.

குப்பிக்கும் தூண்டில் வீசக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமையானால் இருவரும் ஆற்றில்தான் கிடப்பார்கள்.

அந்தக் கோடைக்கு முந்திய குளிர்காலத்தில், ஒரு மத்தியானம், ஆலையில் சுத்திகரிப்புத் தொட்டியின் பம்பு நின்றுபோனது. காகிதக் கூழை வெளுக்கும் மருந்துத் தண்ணீர் தொட்டி விளிம்புவரை ஏறிவிட்டது. மேற்பார்வையாளர் ஓடி வந்தார்.

"வால்வைத் திறந்து ஆத்துல விடுப்பா. தண்ணி கரைபுரண்டு ஓடுது, கரைஞ்சு போயிடும்."

குப்பி ஒரு நொடி தயங்கினான். பிறகு திறந்தான். பம்பு சரியாக நாற்பது நிமிடம் ஆனது. பதிவேட்டில் 'வழக்கம்போல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். மறுநாள் விடிந்ததும் ஆற்றங்கரையில் இரண்டு மைல் நடந்து பார்த்தான். ஒரு மீன்கூடச் செத்து மிதக்கவில்லை. அப்பாடா என்றிருந்தது.

குளிர் விட்டபிறகு ஒருநாள், கொக்கு வழக்கமாக நிற்கும் மடுவுக்கு மேலே, சும்மா ஒரு கல்லைப் புரட்டினான். குழல்கள் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. ஒன்றை நசுக்கினான். உள்ளே கறுப்பாக ஏதோ கரைந்து வந்தது. அடுத்த கல், அதற்கடுத்த கல் என்று இருட்டும்வரை புரட்டினான். எல்லாம் அப்படியேதான். வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். யாரிடமும் மூச்சு விடவில்லை. எங்காவது கொஞ்சம் தப்பியிருக்காதா என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

முதல் விருந்தாளியாக ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் வந்தார். மூன்று சாயங்காலம் கொக்கு அவரைத் தண்ணீரில் நிறுத்தினார். வெயில் தாழ்ந்தது, காற்று அடங்கியது, தண்ணீரின் சூடும் சொல்லிவைத்தாற்போல் இருந்தது. ஒரு பூச்சி எழும்பவில்லை. பசித்துக் கிடந்த மீன்களோ எப்போதோ கீழ்ப்பக்கம் போய்விட்டிருந்தன. டாக்டரின் பொய்ப்பூச்சி மட்டும் தன்னந்தனியாக மிதந்து போயிற்று.

நான்காம் நாள் காலையில் டாக்டர் பெட்டியைக் கட்டிவிட்டார். "உங்களுக்கு இந்த ஆறு அத்துப்படின்னு சொன்னாங்க" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்று சாயங்காலம் குப்பி போனபோது கொக்கு சமையலறை மேஜையில் பழைய நோட்டுகளைப் பரப்பி வைத்திருந்தார். பதினைந்து வருடமாகப் பூச்சி எழும்பிய தேதிகள், தண்ணீரின் சூடு, மழை எல்லாம் அவற்றில் இருந்தன. முகத்தில் மூன்று நாள் தாடி.

"எனக்குத்தான் ஒண்ணும் தெரியல மாப்ளே. இத்தன வருஷம் தெரிஞ்ச மாதிரி பேசிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். இன்னைக்கு ஒரு தடவ பாத்துடுவோம், வர்றியா?"

இருவரும் மடுவில் இறங்கினார்கள். கொக்கு தூண்டில் நரம்பைத் தலைக்குமேல் இரண்டு சுற்று வீசி, பொய்ப்பூச்சியை ஈரம்போக உலர்த்தி, தூசு விழுவதுபோல் இறக்கினார். அவ்வளவு அழகாக அவர் வீசி குப்பி பார்த்ததில்லை. திரும்பத் திரும்ப வீசினார். அதற்குமேல் குப்பியால் தாங்கமுடியவில்லை.

"மச்சான், நிறுத்துங்க. பூச்சி வராது."

"ஏன்?"

சொல்லிவிட்டான். பம்பு, வால்வு, கையெழுத்து, கல்லைப் புரட்டியது எல்லாம். சொல்லும்போது ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கொக்கு நரம்பைச் சுருட்டினார். ஒன்றே ஒன்று கேட்டார்.

"கல்லப் பாத்தது எப்போ?"

"ரெண்டு மாசமிருக்கும் மச்சான்."

"அப்பவே சொல்லியிருந்தா அந்த ஆளுங்கள வரவேணாம்னு சொல்லியிருப்பேன். லாரி வேலையாவது அப்ப காலியா இருந்துச்சு." குரலில் கோபமே இல்லை. "எனக்குப் பைத்தியம் புடிச்சிடுச்சோன்னு மூணு நாளா பயந்துக்கிட்டிருந்தேன்டா."

கரையேறி, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

மறுநாள் குப்பி நடந்ததையெல்லாம் எழுதி அரசு அதிகாரிகளுக்கு அனுப்பினான். இரண்டு பேர் வந்து ஆற்றுத் தண்ணீரைக் குப்பிகளில் பிடித்துப் போனார்கள். தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று முடிவு வந்தது. குளிர்காலத்தில் ஓடிய தண்ணீர் எப்போதோ கடலுக்குப் போயிருந்தது. மேற்பார்வையாளர், "பதிவேட்டைப் பாருங்க, அவன் கையெழுத்துதானே?" என்றார். ஆலையில் அவனை அதோடு சீட்டைக் கிழித்து அனுப்பினார்கள்.

அந்தக் கற்களில் மறுபடி புழு குடியேற எத்தனை வருடம் ஆகுமென்று எவருக்கும் தெரியவில்லை. கொக்குக்கு எங்கோ தொலைவில் லாரி வேலை கிடைத்தது. மாதம் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். அந்த இரண்டு நாளும் குப்பி அந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை.

மழைக்காலத்தில் ஒருமுறை அக்காவைப் பார்க்கப் போனான். கதவைப் பாதி திறந்து, நிலையைப் பிடித்தபடி நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. இளைத்திருந்தாள்.

"சாப்ட்டியாடா?" என்றாள், பழக்கதோஷத்தில்.

"ம்."

சாப்பிட்டிருக்கவில்லை. அவளுக்கும் அது தெரிந்திருக்கும். தலையை ஆட்டிவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.