பகடையின் அடிப்பக்கம்

ஈரப்பஞ்சைக் கணவனின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்த கனிமொழிக்கு, வாசலில் பேச்சுக்குரல்கள் கேட்ட பிறகுதான் அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதே உறைத்தது.

பாலகுமார் கண்ணைத் திறந்தான். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் அனுப்பிவிட்டிருந்தார்கள். குரல் வெறும் காற்றாகியிருந்தது. அவன் வாயருகே காதை வைத்தால்தான் சொல் பிடிபடும்.

"வரச் சொல்லு. இன்னிக்கி முடிச்சிடணும்."

கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் அவன் கடலூரில் இருப்பதில்லை. பஸ் ஏறி அண்ணாமலை நகர் போய், ஏதோ ஒரு லாட்ஜ் அறையில் இந்தச் சிநேகிதர்களோடு உட்கார்ந்துவிட்டு இருட்டித்தான் வருவான். இந்த ஒரு ஞாயிறாவது தனக்கு என்றிருந்தாள். அதிலும் பங்கு கேட்டு வந்து நிற்கிறார்கள்.

மூன்று பேர். நிலைப்படியில் குனிந்து நுழையும் உயரத்தில் திருநாவுக்கரசு, பஸ் கண்டக்டர். நண்டுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் பெண், அறிவுமதி. குறிஞ்சிப்பாடியில் செல்போன் கடை வைத்திருக்கும் சிலம்பரசன்.

"ஆட்டமெல்லாம் வேணாம் அண்ணி. அண்ணன் மூஞ்சியப் பாத்துட்டுக் கெளம்பிடுறோம்," என்றான் திருநாவுக்கரசு.

சிலம்பரசன் கையிலிருந்த டப்பாவை மாமியார் ரத்தினம்மாள் பார்த்துவிட்டாள். "எம்புள்ள எழுந்திரிக்க மாட்டாம கெடக்குறான். தாயம் உருட்ட வந்துட்டீங்களா?"

"இது தாயம் இல்லம்மா, வேற."

"என்னா வேற? அதுலயும் உருட்டுறாங்க, இதுலயும் உருட்டுறீங்க."

பாலகுமாரின் தோள் குலுங்கியது. சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாகிறது. அதற்காகவே கனிமொழி பாயை எடுத்து விரித்தாள்.

அவர்கள் ஆட்டத்தில் கட்டமோ காயோ கிடையாது. ஒருவர் கதை சொல்லி, எப்போதும் பாலகுமார்தான். மற்றவர்கள் ஆளுக்கொரு சாகச வீரனைத் தாங்களே உண்டாக்கிக்கொள்வார்கள். என்ன நடக்கிறது என்று கதை சொல்லி சொல்வார். நான் இதைச் செய்கிறேன் என்று வீரன் சொல்வான். அது பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும். எண் பெரிதாக விழுந்தால் அடி படும், சிறிதானால் தப்பும். எதிரிக்காகக் கதை சொல்லி உருட்டும் பகடை மட்டும் ஓர் அட்டைத் திரைக்குப் பின்னால் விழும். அடுத்து வருவது தெரியாதிருந்தால்தானே பயம் இருக்கும்.

அறிவுமதியின் வீராங்கனை சதுப்புநிலக் காட்டின் வேர்கள் மேல் நடப்பவள். சிலம்பரசனுடையவன் எந்தப் பூட்டோடும் பேசுபவன். திருநாவுக்கரசின் வீரன் பெயர் இடிதாங்கி. யார் மேல் விழும் அடியையும் குறுக்கே புகுந்து தான் வாங்கிக்கொள்வான். பழைய எதிரிகளிடம் வாங்கி வாங்கி, இன்னும் ஓர் அடி பட்டால் செத்துவிடும் நிலை. செத்த வீரன் திரும்பி வர முடியாது, அதுதான் விதி. இப்போதைய எதிரி, நாலு வருஷமாகக் கரையைச் சுற்றும் ஒரு புயல்.

திரையைக் கட்டிலில் நிறுத்தினார்கள். கனிமொழி தலையணையோடு ஒட்டி உட்கார்ந்து அவன் வாயில் காது வைத்தாள். அவன் சொல்லச் சொல்ல அவள் உரக்கச் சொன்னாள். "தேவனாம்பட்டினத்துல தண்ணி உள்வாங்குது... படகெல்லாம் சேத்துல சாஞ்சி நிக்குது." அவன் மூச்சு அவள் கன்னத்தில் பட்டுக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரிக்கு அலைந்த இத்தனை மாதங்களில் அவன் இவ்வளவு நேரம், இவ்வளவு அருகே பேசியதே இல்லை.

புயல் அறிவுமதியின் வீராங்கனை மேல் பாய்ந்தது. கனிமொழி திரைக்குப் பின்னால் உருட்டினாள். பதினெட்டு.

"மூணுன்னு சொல்லு," என்றது காதில் காற்று.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"கீழ பாரு."

பகடையைத் தூக்கினாள். அடிப்பக்கத்தில் மூன்று. "எந்தப் பக்கம் எடுத்தாலும் மேலயும் கீழயும் கூட்டுனா இருவத்தொண்ணு," என்றான் அவன், தன் கண்டுபிடிப்பைப் போலப் பெருமையாக. "ரெண்டும் ஒரே டைஸ்லதான கனி இருக்கு."

"மூணு," என்றாள் உரக்க. அறிவுமதி பெருமூச்சு விட்டாள்.

வெயில் ஜன்னலைத் தாண்டியபோது கடைசி அடி வந்தது. புயல் மொத்தமாகத் திரண்டு ஊர்மேல் இறங்கியது. இடிதாங்கி குறுக்கே போய் நின்றான். கனிமொழி உருட்டினாள்.

இருபது.

காதை வைத்துக் காத்திருந்தாள். சொல் வரவில்லை. அவன் தூங்கிவிட்டிருந்தான். எதிரே திருநாவுக்கரசு, டிக்கெட் கிழித்துக் கிழித்துக் கறுத்த விரல்களை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, திரையையே பார்த்தான்.

அவள் பகடையைத் தூக்கிப் பார்க்கவில்லை. கூட்டல் தெரியும்.

"ஒண்ணு," என்றாள்.

"அப்ப புயலு?" என்றான் சிலம்பரசன்.

"அது... திரும்பிக் கடலுக்குள்ள போயிடுச்சி."

அவர்கள் சத்தமில்லாமல் எழுந்து போனார்கள். பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போது போன் போயிற்று. இறங்கி, எதிரே வந்த கடலூர் பஸ்ஸில் ஏறித் திரும்பி வந்தார்கள். அவன் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் பாடையின் முன்பக்கம் திருநாவுக்கரசு தோள் கொடுத்தான். அவன் உயரத்துக்குப் பாடை சாய்ந்தது. தெருமுனை வரை முழங்காலை மடக்கியே நடந்து போனதைக் கனிமொழி பார்த்தாள். அறிவுமதி அவளோடு சேர்ந்து வீட்டைக் கழுவிவிட்டாள். "அந்தப் பொண்ணுக்கு ஒரு வாய் காப்பி குடுங்கடி," என்றாள் ரத்தினம்மாள், யாரிடம் என்றில்லாமல்.

கெடிலத்தங்கரைச் சுடுகாட்டிலிருந்து திரும்பியவர்கள் கொல்லைக் குழாயில் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். பின்படியில் உட்கார்ந்திருந்த கனிமொழியின் எதிரே திருநாவுக்கரசு சொட்டச் சொட்ட வந்து நின்றான்.

"அண்ணி, அந்தப் புயலுக்கு நாலு வருஷமா பெரிய நம்பரே விழுந்தது இல்ல."

அவள் நிமிர்ந்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாங்க யாரும் கேட்டுக்கல. அவரு சந்தோசமா சொல்லுவாரு."

குழாயடியில் சிலம்பரசன் வாளியைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது.

"கடலுக்குள்ள போனது அப்பறம் என்னா ஆவுதுன்னு அண்ணன் ஒங்ககிட்ட எதுனா சொன்னாரா?"

"சொல்லல."

அவன் தலையாட்டினான். போகவும் இல்லை, உட்காரவும் இல்லை.

"தலயத் தொவட்டு மொதல்ல," என்று கொடியிலிருந்த துண்டை உருவி நீட்டினாள். "நீர் கோத்துக்கும்."

சொல்லிவிட்டு, படியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.