திரைக்குப் பின்னால் பேசிய பாவா

இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யானாலும், பழவங்காடிப் பிள்ளையாருக்கு இதுவரை நான் உடைத்த தேங்காயெல்லாம் அழுகல் கணக்கில் போகட்டும். இந்தத் தாணுமாலையன் பொய் சொல்ல மாட்டான். ஆயுசு முழுக்கச் சாலைக் கடைத்தெருவில் வெங்காயம் விற்றவனுக்கு அதற்கு நேரம் ஏது?

கடைத்தெருவுக்குப் பின்னால், சந்து முடியும் இடத்தில் ஒரு சின்ன தர்கா. அடங்கியிருப்பவர் உறங்காத பாவா. பெரிய மகான். அடக்கத்தின் மிகுதியால் அவர் திரைக்குப் பின்னால் இருந்துதான் உபதேசம் செய்வாராம். குரல் குயில் மாதிரி இருக்குமாம். தவத்தின் கடுமையில் தாடியே முளைக்கவில்லையாம். சீடர்களின் பெயர்கள் அப்பன் பேர், பாட்டன் பேர், ஊர்ப்பேரோடு சுவரில் எழுதியிருக்கிறது. பாவாவின் சொந்தப் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் வழிவழியாகக் கேட்டுத் தலையாட்டினோமே தவிர, ஒருத்தருக்கும் எதுவும் தோன்றவில்லை.

அங்கே பிச்சைக்கனி என்று ஒருத்தி. மேலப்பாளையத்திலிருந்து கட்டட வேலைக்குச் சித்தாளாக வந்தவள். புருஷன் சாரத்திலிருந்து விழுந்து இறந்த பிறகு, தர்காவைப் பெருக்கி விளக்கேற்றிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். சங்கடப்பட்டு வருகிற பெண்களுக்கு ஆறுதல் சொல்லி, தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுப்பாள். என் முழங்காலுக்கும் ஒருதடவை ஊதினாள். அன்றைக்குக் கிழக்கேகோட்டையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். பஸ்ஸை முந்திவிட்டு, அடுத்த ஸ்டாப்பில் அது வரும்வரை காத்து நிற்க வேண்டியதாயிற்று.

போன வருஷம் தர்கா கமிட்டிக்குப் புதுச் செக்ரட்டரி வந்தார். செய்யது மசூது, செல்போன் கடைக்காரர். நல்ல மனுஷன்தான், போர்டு எழுதி மாட்டுகிற வியாதி ஒன்று உண்டு. வந்த வாரமே வாசலில் மாட்டிவிட்டார்: 'பெண்கள் உள்ளே வரக்கூடாது.'

"அக்கா, இனிமுதல் அகத்து கேறண்டாம், கேட்டா" என்று பாதி மலையாளத்தில் உள்ளே வரவேண்டாம் என்றார் பிச்சைக்கனியிடம். "பாவா ஆம்பளை. பெண்ணுங்க பக்கத்துல நிக்கறது மரியாதையில்ல."

"அப்ப இத்தனை வருசமும் மரியாதை இல்லாமலா பெருக்கினேன்?"

"அது பழைய கமிட்டி."

"என்னை எங்க போவச் சொல்லுதீரு?"

"ஊருக்குப் போகலாமல்லோ?"

"ஊருல எனக்கு யாரு இருக்கா?"

செக்ரட்டரி போர்டு கோணலாக இருக்கிறதா என்று பார்த்தார். பிச்சைக்கனி துடைப்பத்தோடு வெளியே படியில் உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் விளக்கு பற்றவில்லை. தீப்பெட்டி தீர்ந்தது. லைட்டர் தீர்ந்தது. பக்கத்து ஒர்க்‌ஷாப் லிங்கராஜ் கேஸ் வெல்டிங்கைக் கொண்டுவந்து காட்டினான். திரி அப்படியே இருந்தது, வெல்டிங் அணைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் செக்ரட்டரி புதுப் பச்சைப் பட்டுப் போர்வை கொண்டுவந்தார். பாவா அடங்கிய கபர்மேல் போர்த்தினார்கள். வழுக்கி விழுந்தது. மறுபடி போர்த்தினார்கள். மறுபடி விழுந்தது. மூலைக்கு ஒருவராகப் பிடித்துக்கொண்டு போர்த்தினார்கள். போர்வை அத்தனை பேரையும் தரதரவென்று வாசல்வரை இழுத்துப்போய், பிச்சைக்கனி தலையில் முக்காடாக விழுந்தது.

"நான் ஒண்ணும் செய்யலை" என்றாள் அவள்.

"அடியில என்னவோ தட்டுது" என்றார் செக்ரட்டரி, தரையிலிருந்து எழுந்தபடி.

பழைய போர்வையை எடுக்காமல் மேல்மேலே போர்த்துவதுதான் அங்கே வழக்கம். அன்றைக்குத்தான் முதன்முதலாக உரிக்க ஆரம்பித்தார்கள். உரிப்பதில் பழக்கப்பட்டவன் என்று நானும் கை கொடுத்தேன். மகாராஜா காலத்துப் போர்வை வந்தது, அதற்கும் முந்தியது வந்தது. கண் கரித்தது. கடைசிப் போர்வையை எடுத்ததும் கற்கள். தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று, நடுவில் ஒன்று.

ஆணின் கபருக்கு இரண்டு மீசான் கல், பெண்ணின் கபருக்கு மூன்று. இது எனக்கே தெரியும். சாலையில் மேய்கிற ஆட்டுக்கும் தெரியும்.

"பாவா..." என்ற செக்ரட்டரி கற்களை விரல்விட்டு இன்னொரு தடவை எண்ணினார்.

"திரைக்குப் பின்னால இருந்து பேசினது எதுக்குன்னு நெனச்சீரு?" என்றாள் பிச்சைக்கனி, வாசலிலிருந்தே. "தாடி முளைக்காத தவம் எந்த ஊர்ல இருக்கு? பீமாப்பள்ளி தர்காவுல அடங்கியிருக்கது ஒரு பொம்பளை, பீவிதானே, இங்கயும் ஒரு பீவி இருக்கக் கூடாதா? படிச்சவன் பேரையெல்லாம் செவுத்துல எழுதிட்டு, படிச்சுக் கொடுத்தவ பேர மறந்துட்டிய."

அப்போதுதான் ஆண்களுக்கு உறைத்தது. அந்நிய ஆம்பளைகள் இத்தனை பேர், ஒரு பீவியின் படுக்கையைச் சுற்றி, அனுமதி கேட்காமல் நிற்கிறோம். முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்து, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு வெளியே வந்தோம். உள்ளே ஆளில்லை.

செக்ரட்டரி தண்ணீரில் விழுந்த செல்போன் மாதிரி நின்றார். "அக்கா, மோளுக்கு இது பேறுமாசம். பீவிகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். யாராவது அகத்து போகணுமல்லோ."

"போர்டு இருக்கே."

அவர் போர்டைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டார். பிச்சைக்கனி பச்சை முக்காட்டோடு உள்ளே போனாள். ஒரு தீக்குச்சிதான் கிழித்தாள். சந்து முழுக்க வெளிச்சம். எதிரே டீக்கடையில் டியூப்லைட்டை அணைத்துவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் வாசலுக்கு வந்தாள்.

"பீவி கேக்காங்க, இத்தனை காலமும் நான் யாரையாவது வெரட்டினேனா, இப்ப ஏன் வெளிய நிக்கியன்னு. ஆம்பளை, பொம்பளை எல்லாரையும் வரச் சொல்லுதாங்க. கால் கழுவிட்டு வாங்க. பெருக்குறது நான்."

இதில் பீவி சொன்னது எதுவரை, பிச்சைக்கனி சொன்னது எதிலிருந்து என்று யாரும் கேட்கவில்லை. செக்ரட்டரி விட்ட பெருமூச்சில் எதிர்க்கடைத் தார்ப்பாய் உப்பி அடங்கியது. தர்கா சாவியை அவரே எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, குழாயடியில் கால் கழுவப் போனார். இரண்டு காலையும் இரண்டு தடவை கழுவினார். பிச்சைக்கனி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, சாய்ந்திருந்த துடைப்பத்தை எடுத்து உள்ளே வைத்தாள்.

இதெல்லாம் நடந்த அந்த வாரம் முழுக்க நான் கண் ஆபரேஷன் முடிந்து, கட்டுப் போட்ட கண்ணோடு, மலைமேல் போனக்காட்டில் மகள் வீட்டில் படுத்திருந்தேன்.