ஏகமனதாக

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதைச் சிரிப்புக் கதையாகத்தான் ஆரம்பித்தேன். கம்பெனி இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று சட்டம் வந்ததும், ரசாயன ஆலை முதலாளி ஒருவர் தேடி அலையாமல் மூத்த மருமகளையே உட்கார வைத்தாராம். காதில் விழுந்ததும் விடுவேனா?

‘மருமகள் கண்ணாடி முன் நின்று…’

(இந்த வரியை அடித்துவிட்டேன். ஆண் இயக்குநர் எவரையும் நான் கண்ணாடி முன் நிறுத்தியதில்லை.)

2

அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டால் என் வேலை சுலபம். ஆனால், கல்யாணத்துக்கு முன் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் என்று கைதவறி எழுதிவிட்டேன். அதன்பிறகு அவள் என் பேச்சைக் கேட்கவில்லை.

பழைய வாயுக் குழாய்களை மாற்றுவதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடும் தீர்மானம் கூட்டத்துக்கு வந்தது.

“மாமா, அந்தக் குழாயெல்லாம் அரிச்சுப் போயிருக்கு. தள்ளிப்போட்டா ஆள் செத்துருவாங்க.”

மாமனார் முகம் சுளிக்கவில்லை. “பேசலாம்மா. இவங்களுக்கு இன்னும் டீ வரல, என்னன்னு பாரேன்.”

போனாள். (ஏன் போனாய் என்று சண்டை போட்டேன். “கால் தானா எழுந்துருச்சு” என்றாள்.) திரும்பி வந்தபோது தீர்மானம் நிறைவேறியிருந்தது. ஏகமனதாக. கையோடு பாதுகாப்புக் குழுவுக்கு அவளையே தலைவியாகவும் போட்டிருந்தார்கள்.*

* “பொம்பளைப் பேரு இருந்தா பார்க்க நல்லாருக்கும்” என்றார் ஓர் இயக்குநர். இந்த வரிக்கு நான் மெனக்கெடவே இல்லை.

3

குழாய் வெடித்தது. இரண்டு தொழிலாளிகள் செத்துப்போனார்கள். அதில் ஒருவனுடைய மனைவி…

(முடியவில்லை. எதை எழுதினாலும் பொய்யாக இருக்கிறது.)

4

விசாரணைக்குக் காரில் வரும்போதே மாமனார் சொல்லிவிட்டார்: “எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவுன்னு சொல்லிடும்மா. பிள்ளைங்க நம்ம வீட்லதானே வளருது.”

உண்மையைச் சொன்னால் பிள்ளைகள் அவள் கையைவிட்டுப் போய்விடுவார்கள். சொல்லாவிட்டால், பாதுகாப்புக் குழுத் தலைவி என்று அவள்தான் சிறைக்குப் போவாள். செத்தவர்களின் வீட்டார் சாகும்வரை அவளைத்தான் சபிப்பார்கள். மூன்றாவது முடிவு ஒன்றைத் தேடித் தேடிப் பார்த்தேன். மாமனார் எனக்கு முன்பே எல்லா வழியையும் அடைத்துவைத்திருந்தார். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தைவிட என்மேல் வந்ததுதான் அதிகம்.

அதிகாரி கேட்கிறார்: “தீர்மானம் நிறைவேறினப்ப நீங்க எங்கேம்மா இருந்தீங்க?”

பின்வரிசையில், என்னால் எழுத முடியாமல் போன அந்த மனைவி நிமிர்ந்து உட்காருகிறாள்.

“டீ சொல்ல…”

யாரோ சிரித்துவிட்டார்கள். நான் இல்லை. நீங்களா?

அவள் பாதியில் நிறுத்திவிட்டு உங்களைப் பார்க்கிறாள்.