இரண்டு மருந்தும் சேர்ந்தபோது

விடியுமுன்பே கலவைக் கொட்டகையில் துடுப்புகள் சுழலத் தொடங்கிவிட்டன. இரண்டு பூச்சிமருந்துகளைப் பீப்பாயில் ஊற்றித் துழாவிக்கொண்டிருந்தாள் மூத்தவள். நாக்கில் தகரக் கசப்பு; கண்ணில் எரிச்சல்.

அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, அதே ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தாள். வெள்ளைக் கோட்டு, குளிரூட்டிய அறை. வீடு திரும்பினால் மாமியார் முதலில் சின்னவளுக்குத்தான் டீ கொடுப்பாள். இவளிடம், "குளிச்சிட்டு உள்ள வா, குடலைப் புரட்டுது" என்பாள். மூத்தவளுக்கு வயிறு பற்றியெரியும்.

அன்று பக்கத்துப் பீப்பாயில் துழாவிக்கொண்டிருந்த நெட்டச்சி, வாயில் எச்சில் வழிய, கைகால் வெட்டி இழுக்க விழுந்தாள். அவளை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகுதான், மூக்கைப் பொத்திக்கொண்டு முதலாளி வந்தார்.

"வெறும் வயித்துல வந்திருப்பா. ரெண்டு மருந்தையும் சோதிச்சாச்சு, ஒண்ணும் பண்ணாது."

"அப்ப நீங்க எதுக்குய்யா மூக்கைப் பொத்துறீங்க?" என்றாள் மூத்தவள்.

"பிடிக்கலைன்னா கேட் தொறந்துதான் கெடக்கு!"

அவர் போனதும் சின்னவள் வந்து, மூத்தவளைச் சோதனைக்கூடத்து இருட்டறைக்கு இழுத்துப்போனாள். மூன்று கண்ணாடிக் குழாய்கள் நீலமாக ஒளிர்ந்தன.

"கடல்ல இருக்குற பாக்டீரியாக்கா. விஷம் பட்டா வெளிச்சம் மங்கிடும்."

"கிருமிக்குக்கூடக் குளுகுளு அறை. எங்களுக்குத் தகரக் கூரை."

சின்னவள் இரண்டு மருந்துப் புட்டிகளையும் எடுத்தாள். முதல் குழாயில் ஒரு மருந்து, அடுத்ததில் மற்றது, மூன்றாவதில் இரண்டும் கலந்தது என்று சொட்டுச் சொட்டாக விட்டாள். காத்திருந்தார்கள். முதல் இரண்டும் லேசாக மங்கின. மூன்றாவது அணைந்தே போயிற்று.

"இது எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"போன வாரம். முதலாளிகிட்ட சொன்னேன். கலவையைச் சோதிக்கச் சொன்னது யாருன்னு கேட்டாரு. பயந்து வாயை மூடிக்கிட்டேன்."

"ஒரே அடுப்புல சோறு தின்னுட்டு, என்கிட்டகூடச் சொல்லலையே!"

சின்னவள் அழுதாள்.

"அழுதது போதும். கொட்டகைக்கு வந்து எல்லார்கிட்டயும் சொல்லு."

"வேலை போயிடும்க்கா."

"எங்களுக்கு உசுரே போகுதுடி."

சின்னவள் வந்தாள். கண்ட அத்தனையும் சொன்னாள். துடுப்புகள் ஒவ்வொன்றாக நின்றன. முதலாளி ஓடிவந்தார்.

"கோட்டைக் கழட்டிக் குடுத்துட்டு வெளிய போ!"

"அவ போனா நாங்களும் போறோம்" என்றாள் மூத்தவள். "முகமூடி, கையுறை, காத்து வர்ற கொட்டகை. நெட்டச்சிக்கு வைத்தியம். அதுவரைக்கும் ஒருத்தியும் துடுப்பைத் தொடமாட்டோம்."

"பட்டினி கிடந்தாத் தெரியும்!"

மொத்தக் கொட்டகையும் வாசலில் போய் உட்கார்ந்தது. சரக்கேற்ற வந்த லாரி வெறுமனே நின்றது. நெட்டச்சி இன்னும் கண் திறக்கவில்லை என்று செய்தி வந்தது.

பெண்கள் சின்னவளைச் சூழ்ந்துகொண்டு, கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். 'இங்கேயும் இவளுக்குத்தான் மவுசு' என்று மூத்தவளுக்கு உள்ளே சுருக்கென்றது. இருந்தாலும் நகர்ந்து, சுவரோர நிழலில் இடம் விட்டாள்.

"இங்க வந்து உக்காரு. உனக்கு வெயில் பழக்கமில்லை. எத்தனை நாளாகுமோ, யாரு கண்டா."