பயத்துக்கு இருபது தண்டால்

அன்று காலை பதினொரு மணிக்குள் நான் அறுபது தண்டால் எடுத்திருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில், பிஷ்கேக்கிலிருந்து மலையேறும் சாலையின் ஓரத்தில், மூன்று தவணையாக. 'பயம்' என்ற சொல்லை வாய்விட்டுச் சொன்னால் இருபது தண்டால் என்பது எங்கள் வகுப்பின் விதி. முதல் தடவை கணவாயைப் பற்றிச் சொன்னேன். இரண்டாம் தடவை, "நான் பயம்னு சொல்லவே இல்லையே" என்று வாதாடினேன். மூன்றாவது, "அப்ப பயத்தைப் பத்தி எப்படித்தான் பேசறது?" என்று கேட்டதற்கு.

வகுப்பின் பெயர் 'இரும்பு மனம்'. நாற்பது நாளில் சுய ஒழுக்கம், தெளிந்த சிந்தனை, பிறகு வெற்றி, இந்த வரிசையில். நடத்தியவர் எர்மெக், முப்பத்துநான்கு வயது. எல்லோரும் தன்னை 'உஸ்தாத்', அதாவது ஆசான், என்றுதான் கூப்பிட வேண்டும் என்பார். அதற்கு முன் ஜன்னல் திரை விற்றுக்கொண்டிருந்தார். எந்தத் துணி வெயிலை மறைக்கும் என்று அவருக்கு அப்போதிருந்தே தெரியும்.

நான் ஒரு பத்திரிகையில் கேலிப் பத்தி எழுதிக்கொண்டிருந்தவன். பத்திரிகையை மூடிவிட்டார்கள். "ஒன்னையாவது ஆரம்பிச்சு முடிச்சுக் காட்டுங்க" என்று என் மனைவி நூர்ஜமால்தான் சேர்த்துவிட்டாள். அதுவரை நான் பாதியில் விட்டவை: இரண்டு நாவல், ஜெர்மன் மொழி, சிகரெட்டை விடுவது. நியாயமாகச் சொன்னால் வகுப்பால் எனக்கு நன்மைதான். ஐந்தரைக்கு எழுந்தேன். தினம் இரண்டு பக்கம் எழுதினேன். வாய்க்கு வந்ததைப் பேசாமல் பத்து மூச்சு எண்ணிவிட்டுப் பேசப் பழகினேன். நூர்ஜமால் அக்கம்பக்கத்தில் சொல்லிப் பெருமைப்பட்டாள். அதனால் முப்பத்தேழாம் நாள் வேனில் உட்கார்ந்திருந்தபோது, இன்னும் மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும் என்றிருந்தது.

கடைசி மூன்று நாளும் கணவாய்க்கு அந்தப் பக்கம் முகாம். மார்ச் கடைசி வாரம். இரவெல்லாம் பனி கொட்டும், பகலில் வெயில் பட்டு அது இளகிச் சரியும். அந்த வாரத்தில் கணவாயை விடிகாலையிலேயே தாண்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் போகக் கூடாது. இது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நாங்கள் காலைத் தியானத்தை ஒழுங்காக முடித்துவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பியிருந்தோம்.

சுரங்கப்பாதைக்குக் கீழே ஒரு தடுப்புக் கட்டை, பக்கத்தில் சாலைக் காவலர் வீடு. ஓட்டுநர் ஷர்ஷென் ஐம்பதடி கீழே வேனை நிறுத்தி, சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தான். கட்டையைத் தூக்கச் சொல்ல உஸ்தாத் நடந்தார். பின்னால் நாங்கள் ஏழு பேரும்.

காவலர் ஜோல்தோஷின் மனைவி எங்களைப் பார்த்ததுமே தட்டோடு வந்துவிட்டாள். பிய்த்த ரொட்டி, கிண்ணத்தில் பாலேடு. ஒரு வாசலில் நின்றுவிட்டால் ஒரு விள்ளலாவது வாயில் வைக்காமல் போகக் கூடாது எங்களில்.

"வாயில ஒரு துண்டு படட்டும் பிள்ளைங்களா. நின்னுக்கிட்டே போகாதீங்க."

"மன்னிக்கணும் எஜே," என்று அக்கா முறை வைத்துச் சொன்னார் உஸ்தாத். "பன்னெண்டு மணி வரைக்கும் நாங்க எதையும் வாயில வைக்கிறதில்ல. ஒழுக்கம்."

"ரொட்டியத் தொடறதுக்கு என்னப்பா ஒழுக்கம்? நோன்பா?"

"நோன்பில்ல எஜே. மனசுக்குப் பயிற்சி."

அவள் என்னைப் பார்த்தாள். கூட்டத்தில் நரைத்த தலை என்னுடையதுதான். நான் என் காலணியைப் பார்த்தேன். பக்கத்தில் பல் டாக்டர் குல்சுன், பாலேட்டைப் பார்க்காமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்குள்ளிருந்து ஜோல்தோஷ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஒரு கணம் மலையைப் பார்த்தார், பிறகு எங்களை.

"தேத்தண்ணி கொதிச்சிடுச்சு. உள்ள வந்து உக்காருங்க. ரோடு எங்கயும் போயிடாது."

"நேரமில்ல தாத்தா. கட்டையத் தூக்குங்க."

"மேலேர்ந்து மூடச் சொல்லி உத்தரவு ஒன்னும் வரல, தூக்கத்தான் வேணும்," என்றார் அவர். கையை மட்டும் கட்டையில் வைக்கவில்லை. "இருந்தாலும் ஒரு கிண்ணம் குடிச்சிட்டுப் போங்க. போன வருசம் நடந்தது ஒன்னு சொல்லணும்."

எனக்குப் புரிந்துவிட்டது. வழிப்பயணம் கிளம்பிவிட்டவனிடம், அவன் நின்றுகொண்டிருக்கும்போது, கெட்ட சேதி சொல்லக் கூடாது. உட்கார வைத்து, வாயில் ஏதாவது பட்ட பிறகு, வேறொரு கதை போலத்தான் சொல்லுவார்கள். என் அப்பா இறந்த சேதியே எனக்கு மூன்றாவது கிண்ணத்துக்குப் பிறகுதான் வந்தது. ஒரு கிழவர் இரண்டு தடவை 'உட்கார்' என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று உஸ்தாத்துக்கும் தெரியும். அவரும் கிர்கிஸ் தாய் பெற்றவர்தானே.

அவர் எங்கள் பக்கம் திரும்பினார். "கவனிச்சீங்களா? பாதை திறந்திருக்கு. ஆனா உட்காரச் சொல்ற குரல் எங்கயும் இருக்கும். அதைத் தாண்டறவன்தான் ஜெயிக்கிறான்."

எழுதிக்கொள்ள இருவர் நோட்டை எடுத்தார்கள். ஜோல்தோஷ் கட்டையைத் தூக்கினார். "வழி வெள்ளையா அமையட்டும்" என்று வழக்கமான வழியனுப்பு வாழ்த்தைச் சொன்னார். முகத்தை எங்களிடம் காட்டவில்லை.

வேனில் ஏறியதும் ஷர்ஷென் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "கிழவர் என்ன சொன்னாரு பைகே?" அண்ணன் முறை வைத்துத்தான் என்னைக் கூப்பிடுவான்.

"டீ குடிக்கக் கூப்பிட்டாரு," என்றார் உஸ்தாத் முந்திக்கொண்டு.

"டீ மட்டுந்தானா? உக்காரச் சொன்னாரா?"

கேள்வி என்னிடம்தான். பழகிய பழக்கத்தில் நான் பத்து மூச்சு எண்ணினேன். எட்டாவது மூச்சில் உஸ்தாத் திரும்பி என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். என் இரண்டு கையிலும் அறுபது தண்டால் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

"டீ மட்டுந்தான்," என்றேன்.

சுரங்கம் மூன்று கிலோமீட்டர். அந்தப் பக்கம் வெளியே வந்தபோது வெயில் கண்ணில் குத்தியது. கண்ணாடியில் வெப்பம் தெரிந்தது. வேறு வண்டியே இல்லை. எதிரிலும் இல்லை, பின்னாலும் இல்லை. அதை நான் கவனித்தேன். சொல்லவில்லை. சாலை முதல் வளைவில் திரும்பியதும் குறுக்கே இடுப்புயரத்துக்குப் பனி சரிந்து கிடந்தது. ஷர்ஷென் பிரேக் போட்டான். வேன் வழுக்கிக்கொண்டே போய் மூக்கைப் பனிக்குள் நுழைத்து நின்றது.

அவன் இயந்திரத்தை அணைத்தான். கதவைத் திறந்து, மெதுவாக இறங்கி, மேலே பார்த்தான். நானும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சரிவின் மேல்விளிம்பில், தலைவகிடு எடுத்ததுபோல், பனி விரிசல் விட்ட ஒரு நீலக் கோடு ஓடியது. அதற்குக் கீழே இருந்த அத்தனை பனியும் எங்கள் தலைக்கு மேல்.

ஷர்ஷென் ஜன்னலருகே வந்தான். குரல் மூச்சளவுதான். "பைகே, இப்பச் சொல்லுங்க. உக்காரச் சொன்னாரா?"

"ரெண்டு தடவ சொன்னாரு. போன வருசக் கதை ஒன்னு இருக்குன்னாரு."

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒவ்வொருத்தரா இறங்குங்க. கதவ அடிக்காதீங்க. சுரங்க வாய்க்கு முந்நூறு அடி இருக்கும். ஒருத்தர் முப்பதடி போனதும் அடுத்தவர். பேச்சு கூடாது. இருமல் வந்தா கையக் கடிச்சுக்கங்க."

குல்சுன் முதலில் இறங்கினாள். அவள் உதடு அசைந்தது, மூச்சை எண்ணுகிறாள். முப்பத்தேழு நாள் பழகிய பழக்கம். அவளுக்குப் பின்னால் இறங்கிய ஐந்து பேரும் அப்படியே எண்ணிக்கொண்டு, தோளைத் தளர்த்தி, வகுப்பில் நடந்த அதே நடையில் போனார்கள். உஸ்தாத் சொல்லிக்கொடுத்ததில் ஒன்று வேலை செய்தது. கேலி எழுதுகிறவனுக்கு இதைச் சொல்வது கசப்புதான், ஆனால் அப்படித்தான் நடந்தது.

மிச்சம் நானும் உஸ்தாத்தும். ஷர்ஷென் கையசைத்தான். நான் இறங்கினேன். அவர் இறங்கவில்லை.

முன்னிருக்கையின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என் மனம் இரும்பு," என்று வேகமாக, சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். "என் மனம் இரும்பு, என் மனம் இரும்பு."

மேலே எங்கோ 'டொக்' என்று ஒரு சத்தம். நீலக் கோடு சற்று அகன்றதா, என் கண்தான் அப்படிக் காட்டியதா, தெரியவில்லை. ஓடிவிடலாம். முந்நூறு அடிதான். ஓட வேண்டும் என்று உடம்பின் ஒவ்வொரு மயிர்க்காலும் சொன்னது. நான் ஏற்கெனவே பாதியில் விட்டவற்றோடு இவரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வேனுக்குள் தலையை நீட்டினேன். "எர்மெக், வாங்க."

"கால் வரல," என்றார். "பைகே, எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும் பயந்தான். பயந்துக்கிட்டே நடங்க. யாரு வேணாங்கறா?"

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். இடுப்பைச் சுற்றிக் கை போட்டு இறக்கினேன். இருவரும் ஒன்றாக நடக்கக் கூடாது என்று ஷர்ஷென் சைகை காட்டினான். பிறகு எர்மெக்கின் கால்களைப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டிவிட்டு, தன் தூரம் விட்டுப் பின்னால் வந்தான். எர்மெக் ஒவ்வோர் அடிக்கும் மேலே பார்த்தார். பார்க்கும்போதெல்லாம் நின்றார். வழியில் ஒரு காலணி பனியில் சிக்கிக்கொண்டது. குனிய விடவில்லை நான். அவர் பல் கிடுகிடுக்கும் சத்தம் என் காதுக்கு இடிபோல் கேட்டது. அந்தச் சத்தத்துக்கே மலை விழுந்துவிடும் என்று நிஜமாகவே நினைத்தேன். முந்நூறு அடி நடக்க எத்தனை நேரமானது என்று எனக்கு இன்றும் தெரியாது.

சுரங்க வாயில் குல்சுன் எங்களை உள்ளே இழுத்தாள். ஷர்ஷென் உள்ளே வந்து, தலைகளை எண்ணி, சுவரிலிருந்த தொலைபேசியில் காவலர் வீட்டை அழைத்து வண்டி கேட்டான்.

பிறகு இருபது நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. ஒருவன், "சும்மாதான் பயந்தோமோ" என்று ஆரம்பித்தான். அவன் முடிப்பதற்குள் மலை பெருமூச்சு விட்டதுபோல் ஒரு காற்று வந்து எங்களைச் சுவரோடு அறைந்தது. வெளிச்சம் போனது. திரும்ப வந்தபோது வளைவும் இல்லை, வேனும் இல்லை. வெறும் வெள்ளை.

ஷர்ஷென் என் அருகில் வந்து உட்கார்ந்தான். அவனுடைய ஒரே வண்டி அது.

"ஏன் பைகே அப்பவே சொல்லல?"

"பயந்துட்டேன்."

"மலைக்கா?"

நான் எர்மெக்கைக் காட்டினேன். அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஈரக் காலைக் குல்சுன் தன் கழுத்துத் துணியால் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் சின்னப் பிள்ளைபோல் அடுத்த காலையும் நீட்டினார்.

ஷர்ஷென் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இவருக்கா?"

"இவருக்குத்தான்."

அவன் எழுந்து, சுரங்கத்தின் மறுமுனையிலிருந்து விளக்கு வருகிறதா என்று பார்க்க இருட்டுக்குள் நடந்து போனான்.