மின்வெட்டுக் காலத்து வெளிச்சம்

தொண்ணூற்றாறாம் ஆண்டு மின்வெட்டின்போது, கொழும்புக் கொட்டாஞ்சேனைத் தையல் தொழிற்சாலை ஒன்றின் விளக்குகள் பாலேஸ்வரி உண்மை பேசியதால் எரிந்தன. மழை பொய்த்துப் பகலிலும் கரண்ட் இல்லாத காலம் அது. ஒரு கட்டுச் சட்டைகளுக்குக் கை குட்டையாகிவிட்டதென்று, ஹற்றனிலிருந்து புதிதாக வந்திருந்த இராமலெட்சுமியை வேலையால் நிற்பாட்டப் போனார் முதலாளி சிவானந்தன். மேற்பார்வை பார்த்த பாலேஸ்வரி எழுந்து நின்றாள். "அந்தப் பிள்ளையில பிழையில்லை. அளவை மாறிச் சொன்னது நான்." அவள் தலைக்கு மேலிருந்த குழல்விளக்கு இரண்டுதரம் சிமிட்டிப் பளிச்சென்று எரிந்தது. மெஷின்கள் உறுமின. சுவிச் அணைந்தே இருந்தது. "குறை நினையாதை பிள்ளை," என்று சிவானந்தன் இராமலெட்சுமியிடம் சொன்னதும் மின்விசிறிகளும் சுழன்றன.

பிறகு கொழும்பில் ஒரே ஆரவாரம். வெள்ளவத்தை ரியூசன் வகுப்பில் ஒரு மாணவி, பக்கத்திலிருந்தவளைப் பார்த்து எழுதியதாக எழுந்து சொல்ல, கரும்பலகைக்கு மேல் பல்ப் எரிந்தது. தொடர்மாடி ஒன்றில் தன்னோடு ஏழு வருடம் கதைக்காதிருந்த மெற்றில்டாவின் கதவை அயல்வீட்டு ரபீக்கா ஒரு கிண்ணம் வட்டிலப்பத்தோடு தட்டியபோது லிப்ட் ஏறத் தொடங்கியது. சட்டைக்கு அயர்ன் போடுவதற்காக மட்டும் மன்னிப்புக் கேட்டவர்களுக்கு ஒன்றும் எரியவில்லை.

ஆவணியில் நகரில் குண்டு வெடித்தது. சுற்றிவளைப்பில், கொழும்பில் தங்குவதற்குப் பதிவில்லாத இராமலெட்சுமியைப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது. துணி வெட்டும் சிறில், வத்தளைச் சிங்களவன், அதுவரை அவளோடு இரண்டு வார்த்தை கதைத்ததில்லை. கத்தரியை வைத்துவிட்டு வெளியே நடந்தான்.

"சிறில் மல்லி, தம்பி, உம்மட பேரையும் எழுதுவினம்," என்று பாலேஸ்வரி பின்னால் ஓடினாள்.

"எழுதட்டும் அக்கே."

அவன் நிற்கவில்லை. தொழிற்சாலை முழுவதும் அவன் பின்னால் போனது. பொலிஸ் நிலையம் பட்டப்பகலிலும் இருண்டிருந்தது. சிறில் சார்ஜன்டின் மேசைக்கு முன்னால் போய் நின்றான். "மேயா அபே நங்கி, சேர்," என்றான், எங்கள் தங்கச்சி இவள் என்று. அங்கிருந்த விளக்குகள் எல்லாம், உடைந்துபோன பல்ப் உட்பட, ஒரேயடியாக எரிந்தன. வாசலில் நின்றவர்கள் கூச்சலிட்டார்கள். துறைமுகம் வரைக்கும் தெருவிளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டு போயின. சார்ஜன்ட் அந்த வெளிச்சத்தில் இராமலெட்சுமியின் முகத்தைக் கனநேரம் பார்த்தார். பிறகு தானே எழுந்துவந்து அவளை அடைத்திருந்த கம்பிக் கூட்டைத் திறந்துவிட்டார். வெளியே நின்ற ஜீப்பின் முன்விளக்குகளும் எரிந்தன.

அடுத்த மாதம் தொழிற்சாலைக்கு மீற்றர் பார்க்க வந்தவர், அசையாமல் நின்ற சக்கரத்தைப் பார்த்தார். மேலே எரிந்த விளக்குகளைப் பார்த்தார். இராமலெட்சுமி கொடுத்த பிளேன்டியைக் குடித்துவிட்டு, அடுத்த கட்டடத்துக்குப் போனார்.